பாய்லர் முதல் போர்வெல் வரை: மின்னணு அழுத்தமானிகளை அளவுத்திருத்தம் செய்யும் முறை

மன்னார்குடிப் பக்கம் ஓர் அரிசி ஆலை. மார்கழி மாதம். பொங்கல் கழிந்தால் சம்பா நெல் வந்து குவிந்துவிடும், அதற்குள் எல்லாவற்றையும் பார்த்து முடிக்க வேண்டும் என்று முதலாளிக்கு அவசரம். உமியில் எரியும் பாய்லரின் நீராவி அழுத்தத்தை அளந்து மின்னோட்டமாகக் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குச் சொல்லும் டிரான்ஸ்மிட்டரைக் கழற்றி மேசையில் வைத்து மின்சாரம் கொடுத்தேன். பழைய அனலாக் வகை. அழுத்தம் எதுவும் இல்லாதபோது 4 மில்லிஆம்பியர் வர வேண்டும், 3.71 வந்தது. திருகுளியை எடுத்து ஜீரோ திருகைச் சுற்றி 4.00 ஆக்கினேன். மாட்டிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மறுநாள் காலை பாய்லர்காரரின் அழைப்பு. “தம்பி, மேலே முள் காட்டுவதைவிடக் கீழே பெட்டி கூடுதலாகக் காட்டுகிறது. நேற்றுவரை இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தன.”

போய்ப் பார்த்தபோதுதான் உறைத்தது. நீராவிக் குழாயிலிருந்து அழுத்தம் எடுக்கும் இடம் மேலே. டிரான்ஸ்மிட்டரோ அதற்கு மூன்று மீட்டர் கீழே, ஆள் உயரத்தில் சுவரில். இடையில் உள்ள குழாயில் ஆவி குளிர்ந்து தண்ணீராக நிற்கும். அந்த மூன்று மீட்டர் தண்ணீர் 0.29 பார் அழுத்தத்தை எப்போதும் கூடுதலாகத் தரும். அதைக் கழிப்பதற்காகத்தான் எனக்கு முன்னால் வந்த யாரோ ஜீரோவை வேண்டுமென்றே 0.29 மில்லிஆம்பியர் (இந்தக் கருவியில் ஒரு பாருக்கு ஒரு மில்லிஆம்பியர்) இறக்கி வைத்திருக்கிறார். நான் பிழை என்று நினைத்து அழித்தது ஒருவர் கணக்குப் போட்டுச் செய்த திருத்தம். அவர் எங்கும் எழுதி வைக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

‘அளவுத்திருத்தம்’ என்ற சொல்லுக்கும் இதில் கொஞ்சம் பங்கு உண்டு. பெயரில் திருத்தம் இருப்பதால், கருவியைத் திருகிச் சரி செய்வதுதான் வேலை என்று தோன்றிவிடுகிறது. உண்மையில் அது ஒப்பிடும் வேலை. நம்பகமான ஒரு கருவி என்ன சொல்கிறது, நம் கருவி என்ன சொல்கிறது, வித்தியாசம் எவ்வளவு என்று எழுதுவதோடு அளவுத்திருத்தம் முடிந்தது. திருகுவது அதற்குப் பிறகு, தேவைப்பட்டால் மட்டும்.

முதலில் எவ்வளவு பிழையைப் பொறுக்கலாம் என்று முடிவு செய்யுங்கள்

இந்த வழிகாட்டி முழுவதும் ஒரே கருவியை எடுத்துக்கொள்கிறேன்: 0 முதல் 16 பார் வரை அளக்கும், 4 முதல் 20 மில்லிஆம்பியர் தரும் இரு கம்பி டிரான்ஸ்மிட்டர். நெல் அவிக்கும் பாய்லர்களுக்குப் பொருந்தும் அளவு; கணக்குக்கும் வசதி. 16 பாருக்கு 16 மில்லிஆம்பியர் என்பதால் ஒரு பார் கூடினால் ஒரு மில்லிஆம்பியர் கூடும்.

ஸ்பானில், அதாவது கருவி அளக்கும் முழு வீச்சில், 0.5 விழுக்காடு வரை பிழை இருக்கலாம் என்று வைத்துக்கொண்டால், 0.08 பார், அதாவது 0.08 மில்லிஆம்பியர். இந்த எண்ணை நோட்டின் தலைப்பில் எழுதுங்கள். இது இல்லாமல் தொடங்கினால், வேலை முடியும்போது கருவி தேறியதா இல்லையா என்று சொல்ல முடியாது.

ஒப்பிடும் கருவி இந்த எண்ணைவிட நான்கு மடங்காவது துல்லியமாக இருக்க வேண்டும் என்பது தொழிலில் வழக்கம். 0 முதல் 20 பார் வரையிலான 0.05 விழுக்காட்டு டிஜிட்டல் அழுத்தமானி என்றால் அதன் பிழை 0.01 பார், எட்டு மடங்கு, தாராளம். இங்கே ஒரு பொறி இருக்கிறது. அதே 0.05 விழுக்காடு, ஆனால் 100 பார் வரை அளக்கும் மானி என்றால்? அந்த விழுக்காடு பெரும்பாலும் முழு அளவின் மீது சொல்லப்படுவது. எனவே பிழை எல்லா இடத்திலும் 0.05 பார். விளம்பரத் தாளில் இரண்டும் ஒரே தரம், உங்கள் மேசையில் ஒன்று மட்டுமே உதவும். பெரிய மானி எல்லாவற்றுக்கும் ஆகும் என்று வாங்கி வைத்திருப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

மின்னோட்டத்தை அளக்கும் மீட்டரும் இதே கணக்குக்கு உட்பட்டதுதான். 1 விழுக்காட்டு மல்டிமீட்டர் 20 மில்லிஆம்பியரில் 0.2 வரை தவறலாம். நாம் தேடும் பிழையே 0.08. சாணளவு துணியை முழக்கோலால் அளப்பது போன்ற வேலை. மில்லிஆம்பியரைத் துல்லியமாக அளக்கும் லூப் காலிபரேட்டர் அல்லது நல்ல தரமான மீட்டர் வேண்டும். இரண்டு கருவிகளுக்கும் ஐஎஸ்ஓ/ஐஇசி 17025 தரநிலைப்படி என்ஏபிஎல் (ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தின் சான்றிதழ் இருக்கட்டும். சான்றிதழைக் கோப்பில் பூட்டி வைத்தால் போதாது. அதில் ஒவ்வோர் அழுத்தத்துக்கும் எழுதியிருக்கும் பிழையைக் கழித்தே ஒப்பிட வேண்டும்.

‘கிலோ’வும் பாரும்

நம் பக்கத்து ஆலைகளில் யாரும் பார் என்று சொல்வதில்லை. “பத்தரை கிலோ நிற்கிறது” என்பார்கள். அது சதுர சென்டிமீட்டருக்குக் கிலோகிராம். ஒரு கிலோ என்பது 0.980665 பார். பத்தரை கிலோ 10.30 பார். இரண்டு விழுக்காட்டு வித்தியாசம். நாம் அனுமதித்த 0.08 பாரைப்போல இரண்டரை மடங்கு. டிரான்ஸ்மிட்டர் பாரில், கட்டுப்பாட்டுப் பெட்டி கிலோவில் என்று அமைத்துவிட்டு, கருவி கெட்டுவிட்டது என்று புதிது வாங்கிய கதைகள் உண்டு. கருவியைக் கழற்றும் முன் பெட்டியின் அமைப்பில் அலகும் மேல் கீழ் எல்லையும் என்ன என்று பாருங்கள். பாதி வேலை அங்கேயே முடிந்துவிடலாம்.

தஞ்சாவூரில் எடை குறையும்

எடைக்கல் வைத்து அழுத்தம் உண்டாக்கும் டெட் வெயிட் டெஸ்டர் வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும். ஓர் உருளைத் தண்டின் மேல் வட்ட எடைகளை அடுக்கினால், எடையைத் தண்டின் பரப்பால் வகுத்தது அழுத்தம். எளிமையானது, நம்பகமானது. ஆனால் எடை என்பது நிறையை அந்த ஊரின் புவியீர்ப்பு முடுக்கத்தால் பெருக்கியது. பல டெஸ்டர்களின் கற்களில் பொறித்த அழுத்தம், 9.80665 என்ற தர மதிப்பை வைத்துக் கணக்கிட்டது. அது ஏறத்தாழ 45 டிகிரி அட்சரேகைக்குப் பொருந்தும் எண்.

காவிரிப் படுகை கிட்டத்தட்ட 11 டிகிரியில் இருக்கிறது. இங்கே மதிப்பு சுமார் 9.782. வித்தியாசம் 0.25 விழுக்காடு. கல்லில் ‘10 பார்’ என்று பொறித்திருந்தாலும் தஞ்சாவூரில் உண்மையில் கிடைப்பது 9.975 பார். டெஸ்டரின் சொந்தத் துல்லியம் 0.05 விழுக்காடோ அதைவிட நன்றோ இருக்கும். ஊர் மாறியதால் வரும் பிழை அதைப்போல ஐந்து மடங்கு. எடைகளை வாங்கும்போதே உள்ளூர் மதிப்புக்குச் சீர்செய்து தரும்படி கேட்கலாம். இல்லையென்றால் ஒவ்வோர் அளவையும் 0.9975 ஆல் பெருக்குங்கள். உங்கள் டெஸ்டர் எந்த மதிப்புக்குச் செய்யப்பட்டது என்பது அதன் சான்றிதழில் இருக்கும்.

கைப்பம்பும் டிஜிட்டல் மானியும் வைத்து வேலை செய்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. எங்கே கொண்டுபோனாலும் அழுத்தம் அழுத்தம்தான்.

கழற்றும் முன்

ஓடும் பாய்லரில் கை வைக்காதீர்கள். 10 பாரில் நீராவியின் வெப்பம் 184 டிகிரி. பாய்லர்காரரிடம் சொல்லி, டிரான்ஸ்மிட்டரை நம்பி இயங்கும் தானியங்கிக் கட்டுப்பாட்டைக் கைமுறைக்கு மாற்றச் சொல்லுங்கள். அடைப்பு வால்வை மூடி, கழிவுத் திருகைத் திறந்து, அழுத்தம் வெளியேறியதைக் கண்ணால் பார்த்த பிறகு ஸ்பேனரை எடுங்கள். பாதுகாப்பு வால்வு உங்கள் வேலை அல்ல. அதன் முத்திரையைத் தொட்டால் கொதிகலன் ஆய்வாளருக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

பிறகு நோட்டு. கருவியின் எண், எல்லைகள், அது இருக்கும் உயரம், அழுத்தம் எடுக்கும் இடத்தின் உயரம், இடைக் குழாயில் தண்ணீர் நிற்குமா என்பது. இந்தக் கடைசி வரியை நான் அன்று எழுதியிருந்தால் பாய்லர்காரர் என்னை அழைத்திருக்க மாட்டார். மீட்டர் நாடாவால் அளந்து, ஒரு மீட்டர் தண்ணீருக்கு 0.0974 பார் என்று பெருக்கி எழுதுங்கள். சுமார் 30 டிகிரி வெப்பத்தில், நம் ஊர் ஈர்ப்பில் வரும் எண் அது.

மேசையில் அமைத்தல்

கைப்பம்பு, ஒப்பீட்டு மானி, டிரான்ஸ்மிட்டர் மூன்றையும் ஒரே மட்டத்தில் வைத்து இணையுங்கள். 24 வோல்ட் மின்சாரத்தோடு மில்லிஆம்பியர் மீட்டரைத் தொடராக இணைக்க வேண்டும். மின்சாரம் கொடுத்து அரை மணி நேரம் விட்டுவிடுங்கள். சித்திரை வெயிலில் சுவரில் காய்ந்த கருவியை மின்விசிறியின் கீழ் வைத்த உடனே அளந்தால், நீங்கள் அளப்பது அது ஆறும் வேகத்தைத்தான்.

கசிவுதான் இந்த வேலையின் பெரிய எதிரி. அதிலும் மரைச் சிக்கல். அரை அங்குலத்தில் அமெரிக்க முறையான என்பிடி மரைக்கும் பிரிட்டிஷ் முறையான பிஎஸ்பி மரைக்கும் அங்குலத்துக்கு 14 பற்கள்தான். அதனால் ஒன்றுக்குள் மற்றொன்று சமாதானமாக ஏறிவிடும். ஆனால் பல்லின் கோணம் ஒன்றில் 60 டிகிரி, மற்றொன்றில் 55. டெஃப்லான் நாடாவை எத்தனை சுற்றுச் சுற்றினாலும் அழுத்தம் ஏறினால் மெல்ல ஒழுகலாம். கால் அங்குலத்தில் பற்களே 18, 19 என்று மாறுவதால் இரண்டு சுற்றிலேயே இறுகி நின்று காட்டிக்கொடுத்துவிடும். அரை அங்குலம்தான் நயவஞ்சகம். பைக்குள் இரண்டு வகை அடாப்டர்களுக்கும் தனித்தனி நிறம் பூசி வைத்திருக்கிறேன்.

காற்றுப் பம்பாக இருந்தால் இன்னொன்று. 16 பாருக்கு ஏற்றியதும் அழுத்தம் தானாகச் சற்று இறங்கும். கசிவு என்று பதறி எல்லாவற்றையும் மேலும் முறுக்காதீர்கள். அமுக்கப்பட்ட காற்று சூடாகி, பிறகு ஆறுகிறது. அழுத்தமும் அதோடு இறங்குகிறது. ஓரிரு நிமிடத்தில் நின்றுவிட்டால் அது வெப்பம். நிற்காமல் ஒரே சீராக இறங்கிக்கொண்டே இருந்தால் கசிவு. சோப்பு நுரையைத் தடவி இடத்தைக் கண்டுபிடியுங்கள்.

ஏற்றமும் இறக்கமும்

அளக்கத் தொடங்கும் முன் மூன்று முறை முழு அழுத்தத்துக்கு ஏற்றி, அரை நிமிடம் நிறுத்தி, பூஜ்யத்துக்கு இறக்குங்கள். நாள்பட ஒரே அழுத்தத்தில் இருந்த உணரியின் சவ்வு, முதல் அசைவில் சோம்பல் காட்டும்.

இப்போது 0, 4, 8, 12, 16 பார். ஒவ்வொன்றிலும் நிறுத்தி, எண் அசையாமல் நின்ற பிறகு எழுதுங்கள். டிரான்ஸ்மிட்டரில் டாம்பிங், அதாவது எண் துள்ளாமல் இருக்க வைக்கும் தாமதம், இரண்டு மூன்று நொடி வைத்திருப்பார்கள். அதையும் கணக்கில் எடுங்கள். ஏறும்போது ஓர் அளவைத் தாண்டிப் போய்விட்டால் பின்னால் இறக்கி அந்த எண்ணுக்கு வராதீர்கள். முழுவதும் கீழே இறக்கி மறுபடி ஏறி வாருங்கள். இல்லாவிட்டால் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் கலந்துபோய்விடும்.

ஒரு கருவியில் ஏறும்போது 4.06, 8.07, 12.07, 16.09, 20.10 என்று வருகிறது என்று வையுங்கள். இறங்கும்போது 16.11, 12.10, 8.09, 4.06. வர வேண்டியவை 4, 8, 12, 16, 20. இந்த ஒன்பது எண்களும் ஒரு கதை சொல்கின்றன. எல்லா இடத்திலும் 0.06 கூடுதல், அது ஜீரோ நகர்ந்தது. மேலே போகப் போக இன்னும் 0.04 சேருகிறது, அது ஸ்பான் விரிந்தது. 8 பாரில் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் 0.03 வித்தியாசம், அது உணரியின் இயல்பு, எந்தத் திருகாலும் போகாது. அனுமதி 0.08. ஐந்து இடங்களில் எல்லை மீறியிருக்கிறது. ஆகவே திருத்த வேண்டும். எல்லா எண்ணும் 0.08க்குள் இருந்திருந்தால் தொடாமல் மூடி வைத்திருக்கலாம். நானாக இருந்தால் தொட்டிருக்க மாட்டேன்.

திருகுவது என்றால் எதை?

பழைய அனலாக் கருவியில் இரண்டு திருகுகள். முதலில் பூஜ்ய அழுத்தத்தில் ஜீரோ, பிறகு முழு அழுத்தத்தில் ஸ்பான். ஒன்று மற்றொன்றை இழுக்கும் என்பதால் இரண்டு மூன்று முறை மாறி மாறிப் பார்க்க வேண்டும்.

ஹார்ட் (HART) வசதியுள்ள, அதாவது அதே இரு கம்பிகளில் டிஜிட்டல் தகவலும் அனுப்பும், டிஜிட்டல் டிரான்ஸ்மிட்டரில்தான் தவறுகள் அதிகம். அதற்குள் இரண்டு நிலைகள் உண்டு. உணரி அழுத்தத்தை ஓர் எண்ணாக மாற்றுகிறது. பிறகு அந்த எண் மின்னோட்டமாக மாறுகிறது. பிழை எந்த நிலையில் என்று பார்க்காமல் திருத்தக் கூடாது. 8 பார் கொடுத்து, கையடக்கக் கருவியின் திரையில் டிஜிட்டல் அளவைப் பாருங்கள். அங்கேயே 8.07 என்றால் பிழை உணரியில். சென்சார் டிரிம், அதாவது உணரி தரும் எண்ணைத் திருத்துவது, செய்ய வேண்டும். திரையில் 8.00, மீட்டரில் மட்டும் 12.07 என்றால் பிழை வெளியீட்டில். 4, 20 மில்லிஆம்பியரில் அவுட்புட் டிரிம், அதாவது வெளிவரும் மின்னோட்டத்தைத் திருத்துவது, செய்ய வேண்டும். ஹார்ட் பேச லூப்பில் 250 ஓம் மின்தடை வேண்டும் என்பதை மறக்காதீர்கள்.

பலர் இந்த இரண்டையும் விட்டுவிட்டு, எல்லையை 0–16 இலிருந்து 0.06–16.10 என்று மாற்றி எண்ணைச் சரியாக்கிவிடுகிறார்கள். அது அளவுத்திருத்தம் அல்ல, பொய்க் கணக்கு. மின்னோட்டம் சரியாக வரும். டிஜிட்டல் அளவு பழைய பிழையோடு அப்படியே இருக்கும். அடுத்து வருபவர் எல்லையை 0–16 என்று ‘சரி’ செய்வார், பிழை திரும்பி வரும்.

திருத்திய பிறகு ஒன்பது புள்ளிகளையும் மறுபடி எடுங்கள். மேலே சொன்ன கருவியில் 4.00, 8.00, 11.99, 16.00, 20.00, இறங்கும்போது 16.02, 12.02, 8.02, 4.00 என்று வர வேண்டும். முன்பு இருந்தது, பின்பு இருப்பது இரண்டும் நோட்டில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும். இரண்டு மூன்று ஆண்டுப் பக்கங்களைச் சேர்த்துப் பார்த்தால், இந்தக் கருவி ஆண்டுக்கு எவ்வளவு நகர்கிறது என்று தெரியும். அடுத்த சோதனை ஆறு மாதத்திலா இரண்டு ஆண்டிலா என்பதை அது சொல்லும். பொதுவாகக் குறுவை நெல் வரும் முன் ஆடி ஆவணியில் ஒரு முறை பார்ப்பது ஆலைகளுக்கு வசதி.

கருவி சரி, பெட்டியில் தவறு

மேசையில் தேறிய கருவி இடத்தில் மாட்டியதும் கூடுதலாகக் காட்டினால், ஐப்பசி கார்த்திகையில் முதலில் பார்க்க வேண்டியது இணைப்புப் பெட்டி. மழை நீர் இறங்கி, முனைகளில் பச்சைக் களிம்பு பூத்திருக்கும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உப்புக் காற்றும் சேரும். இரண்டு முனைகளுக்கும் இடையே அந்த ஈரம் ஒரு லட்சம் ஓம் மின்தடையாக நின்றால், 24 வோல்ட்டில் 0.24 மில்லிஆம்பியர் கள்ள வழியில் ஓடும். நம் கருவியில் அது 0.24 பார், ஸ்பானில் 1.5 விழுக்காடு. உலர்த்தித் துடைத்து, கம்பி நுழையும் வாயைக் கீழ்நோக்கித் திருப்பி வையுங்கள். கம்பியை உள்ளே விடும் முன் கீழே ஒரு வளைவு விட்டால் மழைத் துளி அங்கேயே சொட்டிவிடும்.

போர்வெல் உணரிகள்

ஆழ்குழாய்க் கிணற்றில் நீர்மட்டம் பார்க்க இறக்கும் உணரியும் அழுத்தமானிதான். அதன் கம்பிக்குள் முடி போன்ற ஒரு காற்றுக் குழாய் மேலே வரும். வெளிக் காற்றின் அழுத்தத்தை உணரிக்குச் சொல்வது அது. அதன் வாயை டேப் சுற்றி அடைத்துவிடுவது வழக்கமான பிழை. அடைத்தால், வளிமண்டல அழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் மாறும்போதெல்லாம் நீர்மட்டம் ஒரு சென்டிமீட்டர் மாறியதாகக் காட்டும். நம் பகுதியில் சாதாரண நாளிலேயே காலை பத்து மணிக்கும் மாலை நான்கு மணிக்கும் இடையே மூன்று ஹெக்டோபாஸ்கல் போல இறங்கும். 2018 நவம்பரில் கஜா கரை கடந்தது போன்ற ஒரு புயல் வந்தால் கணக்கே வேறு. வாயைத் திறந்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் குப்பியோடு விடுங்கள். நிறம் மாறினால் குப்பியை மாற்றுங்கள்.

இவற்றைச் சோதிக்க விலையுயர்ந்த பம்பு தேவையில்லை. மேல்நிலைத் தொட்டிப் படிக்கட்டில் ஒளி ஊடுருவும் குழாயைச் செங்குத்தாகக் கட்டி, காற்றுக் குமிழ் இல்லாமல் தண்ணீர் நிரப்பி, அடியில் உணரியை இணையுங்கள். உணரியிலிருந்து நீர்மட்டம் வரை நாடாவால் அளந்தால், மீட்டருக்கு 9.74 கிலோபாஸ்கல். பத்து மீட்டரில் ஒரு சென்டிமீட்டர் தவறி அளந்தாலும் பிழை ஆயிரத்தில் ஒன்றுதான்.

திரும்ப மாட்டும்போது

பாய்லர் டிரான்ஸ்மிட்டருக்கு முன்னால் உள்ள, தண்ணீரைத் தேக்கி வைக்கும் சைஃபன் வளைவும் இடைக் குழாயும் காலியாக இருந்தால், திறந்த உடனே சுடு ஆவி நேராக உணரியில் மோதும். மாட்டும் முன் தண்ணீர் ஊற்றி நிரப்புங்கள். பாய்லர் ஆறி, அழுத்தம் இல்லாத நிலையில் அடைப்பு வால்வை மெல்லத் திறந்து, தண்ணீர் நிற்கும் உயரத்துக்கான அளவைக் கழித்து ஜீரோவை வையுங்கள். நான் மறுநாள் போய்ச் செய்தது அதைத்தான். இடைக் குழாயை நிரப்பி, 4.29 என்று வந்ததை 4.00க்கு இறக்கினேன், மேசையில் வைத்தால் இது 3.71 காட்டும். பிறகு ஒரு தகரத் துண்டில் ‘நீர் உயரம் 3.0 மீட்டர், மேசையில் 3.71, மாற்ற வேண்டாம்’ என்று பெயின்ட்டால் எழுதி, கருவியின் கழுத்தில் கம்பியால் கட்டிவிட்டு வந்தேன்.